மாக்ஸ் ஸ்டைனர்: ஹாலிவுட்டின் முதல் தலைமுறை இசையமைப்பாளரைப் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மாக்ஸ் ஸ்டைனர் யார்?

'கிங் காங்', 'கான் வித் த விண்ட்', 'காசாபிளாங்கா' ஆகிய மூன்று படங்களுக்கும் இசையமைத்தவர். 1888 மே 10 அன்று வியன்னாவில் பிறந்து, 1971 டிசம்பர் 28 அன்று ஹாலிவுட்டில் இறந்தார். முப்பத்தைந்து ஆண்டுகளில் அவர் கைபட்ட படங்கள் முந்நூறைத் தொடும். பேசும் படத்தில் பாத்திரங்கள் பேசிக்கொண்டிருக்கும்போதே அடியில் இசை ஓடலாம் என்பது இன்று யாருக்கும் வியப்பளிக்காது. 1930-இல் அது ஸ்டூடியோ முதலாளிகள் அஞ்சிய விஷயம். அந்த அச்சத்தைப் போக்கியவர்களில் முதலில் சொல்ல வேண்டிய பெயர் இவருடையது.

இசைக் குடும்பத்தில் பிறந்தவரா?

நாடகக் குடும்பம் என்பது இன்னும் பொருத்தம். அவருடைய தாத்தாவின் பெயரும் மாக்ஸிமிலியன் ஸ்டைனர்தான். வியன்னாவின் புகழ்பெற்ற 'தியேட்டர் ஆன் டெர் வீன்' அரங்கை நடத்தியவர். தந்தை காபோர் ஸ்டைனர், பிராட்டர் பூங்காவில் 'வியன்னாவில் வெனிஸ்' என்ற கேளிக்கை நகரத்தை 1895-இல் அமைத்தவர். 1897-இல் அங்கே எழுந்த பெரிய ராட்டினம் இன்றும் சுற்றிக்கொண்டிருக்கிறது. வியன்னாவுக்குப் போகிறவர்கள் அதில் ஏறாமல் திரும்புவதில்லை.

இப்படிப்பட்ட வீட்டில் வளர்ந்த பையனுக்கு மேடையும் வாத்தியக்குழுவும் நடனப் பெண்களும் டிக்கெட் வசூலும் அன்றாடப் பேச்சு. வியன்னாவின் இசைக் கழகத்தில் முறையாகப் படித்தார். பதின்ம வயதிலேயே ஒரு இசை நாடகத்தை எழுதி மேடையேற்றினார். அவருடைய பயிற்சியில் இந்த இரட்டை வேர் முக்கியம் என்று நினைக்கிறேன். கழகம் அவருக்கு இலக்கணம் கற்றுக்கொடுத்தது. இரவு எட்டு மணிக்குத் திரை உயரும்போது இசை தயாராக இருந்தாக வேண்டும் என்ற கட்டாயத்தை அப்பாவின் அரங்கம் கற்றுக்கொடுத்தது. ஹாலிவுட்டில் அவருக்குச் சோறு போட்டது இரண்டாவது பாடம்.

அமெரிக்காவுக்கு ஏன் போனார்?

போர்தான் காரணம். 1906 முதல் லண்டனில் அரங்க இசைக்குழுக்களை நடத்திப் பிழைத்துக்கொண்டிருந்தார். 1914-இல் முதல் உலகப் போர் தொடங்கியதும் ஆஸ்திரியக் குடிமகனான அவர் ஒரே நாளில் எதிரி நாட்டவர் ஆனார். வெஸ்ட்மின்ஸ்டர் பிரபுவின் உதவியால் வெளியேறும் அனுமதி கிடைத்து, அந்த ஆண்டு டிசம்பரில் நியூயார்க்கில் இறங்கினார். அப்போது அவர் கையில் 32 டாலர் இருந்ததாகச் சொல்வார்கள்.

அடுத்த பதினைந்து ஆண்டுகள் நியூயார்க்கின் நாடக அரங்கப் பகுதியான பிராட்வேயில் கழிந்தன. பிறருடைய பாடல்களை வாத்தியங்களுக்குப் பிரித்து எழுதுவதும், இரவில் குழுவை நடத்துவதும் வேலை. புகழ் பாட்டெழுதியவருக்கு, உழைப்பு இவருக்கு. 'ரியோ ரீட்டா' என்ற இசை நாடகத்தை ஆர்.கே.ஓ. ஸ்டூடியோ படமாக எடுத்தபோதுதான் ஹாலிவுட்டுக்கு வழி திறந்தது. 1929 முடியும் நேரத்தில் அங்கே போய்ச் சேர்ந்தார். வயது நாற்பத்தொன்று. பெரிய தொழில்வாழ்க்கை தொடங்குவதற்கு அது தாமதமான வயதுதான்.

அவர் வந்தபோது ஹாலிவுட் படங்களில் இசை எப்படி இருந்தது?

மௌனப் படக் காலத்தில் இசைக்குப் பஞ்சமே இல்லை. ஒவ்வொரு கொட்டகையிலும் பியானோவோ வாத்தியக்குழுவோ படம் முழுக்க வாசித்தது. படம் பேசத் தொடங்கியதும் நிலைமை தலைகீழானது.

இரண்டு தடைகள் இருந்தன. ஒன்று தொழில்நுட்பத் தடை. தனித்தனியாகப் பதிவான ஒலிகளைப் பின்னால் ஒன்றாகச் சேர்த்து மறுபதிவு செய்யும் வசதி அப்போது தேறவில்லை. சேர்த்தால் தரம் கெட்டது. ஆகவே இசை வேண்டுமென்றால் படப்பிடிப்பு நடக்கும் இடத்திலேயே, நடிகர்கள் பேசும்போதே, வாத்தியக்காரர்கள் ஓரமாக உட்கார்ந்து வாசிக்க வேண்டும். ஒரு வசனத்தை வெட்டினால் இசையும் சேர்ந்து துண்டாகும்.

இரண்டாவது தடை மனத்தடை. வீட்டுக்குள் இருவர் பேசும்போது இசை கேட்டால், எங்கிருந்து வருகிறது என்று பார்வையாளர் குழம்பிப்போவார் என்று தயாரிப்பாளர்கள் நம்பினார்கள். அதனால் காட்டுக்குள் ஒரு காதல் காட்சி என்றால், காரணமே இல்லாமல் ஒரு பிடில்காரரை அந்த வழியாக நடக்க விட்டார்கள். ஆடு மேய்ப்பவர் ஒருவர் குழலெடுத்து ஊதுவார், கூடவே ஐம்பது பேர் கொண்ட இசைக்குழு முழங்கும். பிற்காலத்தில் ஸ்டைனரே இந்தக் கோலத்தை நினைவுகூர்ந்து எழுதியிருக்கிறார். இசைக்குக் காரணம் காட்ட முயன்று கதையின் நம்பகத்தன்மையைக் கெடுத்துக்கொண்ட காலம் அது.

போதாக்குறைக்கு 1930-இல் இசைப் படங்கள் மக்களுக்குச் சலித்துப்போயின. ஸ்டூடியோக்கள் இசைக்கலைஞர்களை வீட்டுக்கு அனுப்பின. ஆர்.கே.ஓ.வில் தப்பிய சிலரில் ஸ்டைனரும் ஒருவர்.

வசனத்தின் அடியில் இசை ஓட விட்ட முதல் படம் எது?

'முதல்' என்று ஒரே படத்தைக் காட்டுவது சரியாகாது. பல இடங்களில் பலர் தயங்கித் தயங்கி முயன்றுகொண்டிருந்தார்கள். ஸ்டைனரின் வாழ்க்கையில் திருப்பம் என்றால் 1932-இல் வந்த 'சிம்பொனி ஆஃப் சிக்ஸ் மில்லியன்'. நியூயார்க்கின் யூதக் குடியிருப்பில் பிறந்து பெரிய மருத்துவராகும் ஒருவனின் கதை. அப்போது ஆர்.கே.ஓ.வில் இருந்த தயாரிப்பாளர் டேவிட் செல்ஸ்னிக், ஒரே ஒரு ரீலுக்கு மட்டும் இசை போட்டுக் காட்டும்படி ஸ்டைனரிடம் கேட்டார். காட்டினார். பிடித்துப்போனது. படத்தின் பெரும்பகுதிக்கு இசை எழுதும்படி உத்தரவு வந்தது. அதே ஆண்டில் 'பேர்ட் ஆஃப் பாரடைஸ்' படத்துக்கு ஏறக்குறைய தொடக்கம் முதல் இறுதிவரை எழுதினார்.

'கிங் காங்' ஏன் இவ்வளவு பேசப்படுகிறது?

1933-இல் வந்த அந்தப் படத்தில் கதாநாயகன் காங் என்ற ராட்சதக் குரங்கு, உண்மையில் ஒரு பொம்மை. உலோக எலும்புக்கூட்டின் மேல் ரப்பரும் ரோமமும் போர்த்தி, ஒவ்வொரு ஃபிரேமுக்கும் அங்குலம் அங்குலமாக நகர்த்திப் படமெடுத்தார்கள். அது மக்களைச் சிரிக்க வைத்துவிடுமோ என்ற பயம் ஸ்டூடியோவுக்கு இருந்தது. பணமும் தீர்ந்துவிட்டது. கிடங்கில் இருக்கும் பழைய இசைத் துண்டுகளை எடுத்து ஒட்டிவிடு என்றார்கள். படத்தை உருவாக்கிய மெரியன் கூப்பர் அதற்கு ஒப்பவில்லை. செலவைத் தானே பார்த்துக்கொள்வதாகச் சொல்லி, புதிதாக எழுதச் சொன்னார். 46 பேர் கொண்ட குழு, 50,000 டாலர் செலவு என்பது வழக்கமாகச் சொல்லப்படும் கணக்கு. அன்றைக்கு அது பெருந்தொகை.

காங்கின் இசை அடையாளம் மூன்றே ஸ்வரங்கள். வீட்டில் ஹார்மோனியம் இருந்தால், அடுத்தடுத்து உள்ள மூன்று கட்டைகளை, நடுவில் வரும் கறுப்பையும் விடாமல், மேலிருந்து கீழாக மெதுவாக அழுத்திப் பாருங்கள். அவ்வளவுதான். தாழ்ந்த பித்தளை வாத்தியங்களில் அதை வாசிக்கும்போது பெரிய உடம்பு ஒன்று நிலத்தில் அழுந்தி நடக்கும் உணர்வு வருகிறது. படத்தின் முடிவில் அதே மூன்று ஸ்வரங்கள் தளர்ந்து, வேகம் குறைந்து திரும்பும்போது நமக்கு அந்த மிருகத்தின் மேல் இரக்கம் பிறக்கிறது. பொம்மைக்கு உயிர் கொடுத்ததில் பாதிப் பங்கு இந்த இசைக்கு உண்டு.

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். டைட்டில் முடிந்த பிறகு ஏறத்தாழ இருபது நிமிடங்கள் படத்தில் இசையே இல்லை. நியூயார்க்கின் வறுமை, பசித்த பெண், கப்பல் பயணம் எல்லாம் வெறும் பேச்சோடு போகின்றன. கப்பல் மூடுபனிக்குள் நுழைந்து தீவை நெருங்கும்போதுதான், ஹார்ப்பும் தாழ்ந்த தந்தி வாத்தியங்களும் மெல்லத் தொடங்குகின்றன. அறிந்த உலகம் முடிந்து அறியாத உலகம் தொடங்கும் எல்லையில் இசை நுழைகிறது. கரையில் ஒலிக்கும் முரசுச் சத்தம் அதோடு கலக்கிறது. எது கதைக்குள் ஒலிப்பது, எது நமக்காக மட்டும் ஒலிப்பது என்று பிரித்தறிய முடிவதில்லை. இசை எங்கிருந்து வருகிறது என்று மக்கள் கேட்பார்களே என்ற பழைய கவலைக்கு இதைவிட நல்ல பதில் இருக்க முடியாது.

இறுதியில் எம்பயர் ஸ்டேட் கட்டடத்தின் உச்சியில் விமானங்கள் காங்கைத் தாக்கும்போது இசை நின்றுவிடுகிறது. எஞ்சின் உறுமலும் துப்பாக்கிச் சத்தமும்தான் கேட்கின்றன. அவன் காயம்பட்டுத் தள்ளாடும்போதுதான் இசை திரும்பி வருகிறது. ஸ்டைனர் ஓயாமல் இசையைக் கொட்டுபவர் என்று சொல்பவர்கள் இந்த இரண்டு இடங்களையும் திரும்பப் பார்க்க வேண்டும். எங்கே தொடங்குவது, எங்கே நிறுத்துவது என்பதே திரையிசையில் மிகக் கடினமானது என்று அவர் சொல்லிவந்தார். தொழிலில் அவருடைய மேதைமை அங்கேதான் இருந்தது என்பது என் உறுதியான கருத்து.

கிளிக் டிராக் என்கிறார்களே, அது என்ன?

பேசும் படம் நொடிக்கு 24 ஃபிரேம் வேகத்தில் ஓடுகிறது. 35 மி.மீ. பிலிமில் நிமிடத்துக்கு 90 அடி நீளம் ஓடும். இந்தக் கணக்கு ஒருபோதும் மாறாது. ஆனால் மனிதர் கைவீசி நடத்தும் வாத்தியக்குழுவின் காலப்பிரமாணம் சற்றே முன்பின் ஆகத்தான் செய்யும். கதவு மூடுவதும் இசை அடிப்பதும் ஒரே கணத்தில் நிகழ வேண்டுமென்றால் என்ன வழி?

பிலிமின் ஒலிப்பட்டையில் குறிப்பிட்ட ஃபிரேம்களுக்கு ஒரு முறை துளை போடுவார்கள். ஓட விட்டால் ஒவ்வொரு துளையும் 'டிக்' என்று ஒலிக்கும். 12 ஃபிரேமுக்கு ஒரு துளை என்றால் நொடிக்கு இரண்டு, நிமிடத்துக்கு 120 தாளத் தட்டு. அந்த ஒலியைக் காதொலிப்பானில் கேட்டுக்கொண்டே குழுவை நடத்தினால், எந்தத் தட்டு எந்தப் பிம்பத்தில் விழும் என்பதை முன்கூட்டியே காகிதத்தில் கணக்கிட்டுவிடலாம். இதைக் கண்டுபிடித்தவர் ஸ்டைனர் ஒருவரே என்று சொல்ல மாட்டேன். கார்ட்டூன் படக்காரர்களும் அதே காலத்தில் இதைக் கையாண்டார்கள். கதைப் படங்களில் அதன் பயனை முழுமையாகக் காட்டியவர் இவர்.

1935-இல் ஜான் ஃபோர்டு இயக்கிய 'தி இன்ஃபார்மர்' இதற்கு நல்ல சான்று. 1922-இன் டப்ளின் நகரம். இருபது பவுண்டுக்காக நண்பனைக் காட்டிக்கொடுக்கும் ஜிப்போ நோலன், விக்டர் மக்லாக்லனின் அந்தக் கனத்த, தடுமாறும் நடையோடு வருகிறான். அவனுக்கென்று எழுதிய மெட்டு அவன் பாதத்தோடு சேர்ந்து நடக்கிறது. அவன் அடைபட்டிருக்கும் இடத்தில் கூரையிலிருந்து நீர் சொட்டுகிறது. ஒவ்வொரு சொட்டும் ஒரு ஸ்வரத்தில் விழுகிறது. சொட்டு சீரான இடைவெளியில் விழ வேண்டும் என்பதற்காக, நீரைச் சொட்டவிடும் ஏற்பாட்டையே இசையின் கணக்குக்கு ஏற்ப அமைத்தார்கள். அந்தச் சில நொடிகளுக்காக எவ்வளவு உழைப்பு!

எத்தனை ஆஸ்கர் வாங்கினார்?

மூன்று. 'தி இன்ஃபார்மர்', 'நவ், வாயேஜர்' (1942), 'சின்ஸ் யூ வென்ட் அவே' (1944). பரிந்துரைகள் 24. முதல் விருது அன்றைய விதிப்படி ஆர்.கே.ஓ.வின் இசைத் துறைக்கு, அதன் தலைவர் என்ற முறையில் அவருக்கு வழங்கப்பட்டது. சிறந்த இசைக்கான கோல்டன் குளோப் விருது முதன்முதலாகக் கொடுக்கப்பட்டபோது, 'லைஃப் வித் ஃபாதர்' படத்துக்காக அதையும் இவரே பெற்றார். எல்லோரும் முணுமுணுக்கும் 'கான் வித் த விண்ட்' இசைக்கு ஆஸ்கர் கிடைக்கவில்லை. அந்த ஆண்டு 'தி விசார்ட் ஆஃப் ஆஸ்' வென்றது.

'கான் வித் த விண்ட்' இசையை மூன்றே மாதத்தில் எழுதினாராமே?

ஆம். 1937 முதல் அவர் வார்னர் சகோதரர்கள் ஸ்டூடியோவின் ஒப்பந்த இசையமைப்பாளர். அவர்களிடமிருந்து, இந்தப் படத்தைத் தயாரித்த செல்ஸ்னிக் அவரை இரவலாகப் பெற்றார். படம் நான்கு மணி நேரத்துக்குச் சற்றுக் குறைவு, அதில் இசை மூன்று மணி நேரத்தை நெருங்கும். திரையிடும் நாள் 1939 டிசம்பர் 15 என்று முடிவாகிவிட்டது. அதே ஆண்டில் அவர் பெயரில் பன்னிரண்டு படங்கள் வந்தன. தூக்கமில்லாமல், மருத்துவர் கொடுத்த ஊக்க மருந்தின் துணையோடு எழுதினார். முடிக்கமாட்டார் என்று அஞ்சிய செல்ஸ்னிக், எதற்கும் இருக்கட்டும் என்று இன்னொரு இசையமைப்பாளரான ஃபிரான்ஸ் வாக்ஸ்மனிடம் மாற்று இசையும் கேட்டு வைத்தார்.

இத்தனை நெருக்கடியில் எழுதியது நிலைத்துவிட்டது. கதை நடக்கும் பண்ணையின் பெயர் 'டாரா'; அதன் மெட்டு ஒரு ஸ்தாயி மேலே தாவித் தொடங்குகிறது. கதாநாயகிக்கோ நாயகனுக்கோ கொடுக்காமல் அதை அந்தப் பண்ணை மண்ணுக்குக் கொடுத்தார். கதையில் நாயகி ஸ்கார்லெட்டை விட்டு எல்லாரும் போன பிறகும் மண் மட்டும் மிஞ்சுகிறது என்பதால், அது சரியான தேர்வு. கூடவே ஒன்றையும் சொல்ல வேண்டும். அந்தப் பண்ணை கறுப்பின மக்களின் அடிமை உழைப்பில் நின்றது. அதைப் பொன்னாகக் காட்டும் படத்தில் இந்த மெட்டுக்கும் பங்கு உண்டு. மெட்டின் அழகை ரசிக்கும் அதே காதோடு அதையும் கேட்பதே நேர்மை.

எல்லா வாத்தியங்களுக்கும் அவரே எழுதினாரா?

இல்லை, அந்த வேகத்தில் ஒருவரால் முடியவும் முடியாது. அவர் பென்சிலால் சில வரிகளில் நெருக்கமான வரைவு எழுதுவார். எந்த இடத்தில் எந்த வாத்தியம் என்பதும் குறிக்கப்பட்டிருக்கும். அதை முழுக் குழுவுக்கும் விரித்து எழுதியவர்கள் ஹியூகோ ஃபிரீட்ஹோஃபர், பெர்ன்ஹார்ட் கவுன் போன்றவர்கள். நேரம் நெருக்கியபோது சில பகுதிகளையே பிறர் எழுதியதும் உண்டு. ஸ்டைனரின் கையெழுத்துப் படிகளின் ஓரங்களில் ஃபிரீட்ஹோஃபருக்கு எழுதிய நகைச்சுவைக் குறிப்புகள் நிறைந்திருக்கின்றன. நள்ளிரவு தாண்டி வேலை செய்த இருவரின் நட்பு அதில் தெரிகிறது. திரையில் பெரிதாக வராத அந்த உதவியாளர்களின் பெயர்களை இனியாவது சேர்த்துச் சொல்வோம்.

'காசாபிளாங்கா'வின் அந்தப் பாட்டு அவருடையதா?

இல்லை. 'ஆஸ் டைம் கோஸ் பை' பாட்டை 1931-இல் ஒரு பிராட்வே நாடகத்துக்காக எழுதியவர் ஹெர்மன் ஹப்ஃபெல்டு. ஸ்டைனருக்கு அந்தப் பாட்டு பிடிக்கவில்லை. அதை எடுத்துவிட்டுத் தன் பாட்டு ஒன்றை வைக்க விரும்பினார். அதற்குச் சில காட்சிகளை மறுபடி எடுக்க வேண்டும். அதற்குள் இங்ரிட் பெர்க்மன் அடுத்த படத்துக்காகத் தலைமுடியைக் கத்தரித்துவிட்டார். பாட்டு பிழைத்தது.

பிடிக்காத பாட்டை வைத்து அவர் செய்ததுதான் பெரிய விஷயம். படத்தின் முதல் அரை மணி நேரத்தில் நாம் கேட்பது பெரும்பாலும் நாயகன் ரிக்கின் விடுதியில் வாசிக்கப்படும் இசை. ரிக்கின் பழைய காதலி இல்சாவின் வேண்டுகோளுக்காக, அங்கே பியானோ வாசிக்கும் சாம் அந்தப் பாட்டைப் பாடுகிறான். ரிக் கோபமாக வருகிறான், அவளைப் பார்க்கிறான். அந்தக் கணத்தில் குழு ஒரே ஒரு கனத்த அடி அடிக்கிறது. பியானோ நிற்கிறது. பாட்டின் மெட்டை ஓபோ என்ற ஊதுகுழல் மெதுவாக எடுத்துக்கொள்கிறது. விடுதிக்குள் இருந்த பாட்டு அவன் நினைவுக்குள் போய்விட்டது. அதன் பிறகு அந்த மெட்டை அவர் வால்ட்ஸாக்குகிறார், கசப்பாக்குகிறார், பிரெஞ்சு தேசிய கீதத்தோடு முட்ட விடுகிறார். அடுத்தவர் மெட்டுக்கு இவ்வளவு உண்மையாக உழைப்பதற்குப் பெரிய மனம் வேண்டும்.

அவர் இசை படத்தை அப்படியே நகலெடுக்கிறது என்ற குறை சரியா?

ஓரளவு சரி. நடந்தால் நடை, விழுந்தால் சரிவு என்று ஒவ்வோர் அசைவையும் இசையில் காட்டுவதை 'மிக்கி மவுசிங்' என்று கார்ட்டூன் பெயராலேயே அழைப்பார்கள். 'கிங் காங்' படத்தில் பழங்குடித் தலைவன் படியிறங்கி வரும் ஒவ்வோர் அடிக்கும் தாழ்ந்த வாத்தியம் ஒரு ஸ்வரம் போடுகிறது. இன்று கேட்டால் சற்று வெளிப்படையாக இருக்கும். வார்னரில் வாரத்துக்கு வாரம் வந்த சில நடுத்தரப் படங்களில் இந்தப் பழக்கம் சலிப்பூட்டவும் செய்கிறது. ஆனால் நாம் பேசுவது இலக்கணமே எழுதப்படாத காலத்தைப் பற்றி. பிம்பத்தோடு இசை எவ்வளவு நெருங்கலாம் என்பதை யாராவது எல்லைவரை போய்ப் பார்த்தாக வேண்டியிருந்தது. பின்னால் வந்தவர்கள் விலகி நின்று எழுதியது அவர் தொட்ட எல்லையைப் பார்த்த பிறகுதான்.

கோர்ன்கோல்டுடன் ஒப்பிட்டால்?

இசையமைப்பாளர் எரிக் வுல்ஃப்காங் கோர்ன்கோல்டும் வியன்னாவிலிருந்து வந்தவர், அதே வார்னரில் பணியாற்றியவர். இசையின் செழுமையில் கோர்ன்கோல்டு மேல். அவர் எழுதிய படங்கள் குறைவு, கிடைத்த அவகாசமும் அதிகம். காட்சியை எடைபோடும் நுட்பத்தில் ஸ்டைனரை வைப்பேன்.

கடைசிக் காலம் எப்படிப் போனது?

ஐம்பதுகளில் ரசனை மாறியது. ஜாஸும் சிறு குழுக்களும் வந்தன. 'தி சர்ச்சர்ஸ்' (1956) போன்ற பெரிய படங்கள் இடையிடையே கிடைத்தாலும் அழைப்புகள் குறைந்தன. பணக்கஷ்டமும் இருந்தது, கண்பார்வையும் மங்கியது. அந்த நேரத்தில் 'எ சம்மர் பிளேஸ்' (1959) வந்தது. அதில் இளம் காதலர்களுக்காக அவர் எழுதிய சிறு மெட்டை இசைக்குழு நடத்துநர் பெர்சி ஃபெய்த் தன் குழுவோடு பதிவு செய்து வெளியிட, 1960-இல் அமெரிக்கப் பட்டியலில் தொடர்ந்து ஒன்பது வாரம் முதலிடத்தில் இருந்தது. ராக் அண்ட் ரோல் கேட்டு வளர்ந்த பிள்ளைகள் எழுபது வயதைக் கடந்தவரின் மெட்டுக்குக் கைகோத்து ஆடினார்கள். அந்த வருமானம் அவருடைய கடைசி ஆண்டுகளைத் தாங்கியது. 1965-இல் வந்த 'டூ ஆன் எ கில்லட்டின்' அவருடைய கடைசிப் படம்.

எதிலிருந்து கேட்கத் தொடங்கலாம்?

தனியாக இசைத்தட்டில் கேட்பதை விடப் படத்தோடு பார்ப்பதே முறை. முதலில் 'கிங் காங்', அதுவும் தீவை நெருங்கும் காட்சியை ஒலியை அடக்கி ஒருமுறையும் ஒலியோடு ஒருமுறையும் பாருங்கள். அடுத்து 'நவ், வாயேஜர்'. நடிகை பெட்டி டேவிஸின் முகத்துக்கும் அந்தத் தந்தி வாத்தியங்களுக்கும் இடையே நடக்கும் உரையாடலை அவருடைய மிகச் சிறந்த வேலை என்பேன். பிறகு 'காசாபிளாங்கா'. தனியாக இசையை மட்டும் கேட்க விரும்புவோருக்கு, இசை நடத்துநர் சார்லஸ் ஜெர்ஹார்ட் நேஷனல் பில்ஹார்மோனிக் குழுவோடு எழுபதுகளில் செய்த பதிவுகள் துல்லியமானவை. கையெழுத்துப் படிகளை ஆராய விரும்பும் மாணவர்கள், யூட்டா மாநிலத்திலுள்ள பிரிகாம் யங் பல்கலைக்கழகத்தை அணுக வேண்டும். அவருடைய தாள்களும் பதிவுகளும் அங்கேதான் பாதுகாக்கப்படுகின்றன.